அந்த நானூறு யாருடையது

லேபில் ரத்தம் சோதிக்கும் மெஷினை நீங்கள் எல்லோரும், ஓய்வு பெற்றுவிட்ட என்னைவிட நன்றாக ஓட்டுகிறீர்கள். அதைப் பற்றிப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. மெஷின் ஒரு நம்பரைத் துப்பியதற்கும், நீங்கள் அதை ரிப்போர்ட்டாக ரிலீஸ் செய்யும் பட்டனை அழுத்துவதற்கும் நடுவில் கொஞ்சம் நேரம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. என் முதல் பாஸ் அந்த நேரத்தை அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்பவர். "மெஷின் சொல்லிட்டா அப்பீல் கிடையாது" என்பார். அவரிடம் நான் கற்றுக்கொண்டது அதிகம், பெரும்பாலும் எப்படி இருக்கக் கூடாது என்று.

நம் லேபில் நாள்தோறும் ஓடும் டெஸ்டுகளில் எனக்கு மிகவும் பிடித்ததும், என்னை மிகவும் படுத்தியதும் ஒன்றே. என்டி-ப்ரோபிஎன்பி என்று ரிப்போர்ட்டில் அச்சடிக்கிறோம். காக்ஸ் டவுனிலிருந்தும் ஜீவனஹள்ளியிலிருந்தும் நம் படியேறி வருகிறவர்கள் அதை 'ஹார்ட் நம்பர்' என்பார்கள். பொருத்தமான பெயர்தான். இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறும்போது அதன் சுவர் இழுபட்டு ஒரு பொருளை ரத்தத்தில் விடுகிறது. அதை அளக்கிறோம். மூச்சு வாங்குகிறது என்று வருபவருக்குக் கோளாறு நுரையீரலிலா இதயத்திலா என்று பிரித்துப் பார்க்க அது உதவும். மருந்து ஆரம்பித்த பிறகு நிலைமை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவும் உதவும். நம் ஆட்கள் அதைப் பரீட்சை மார்க் போலப் பார்ப்பார்கள். குறைந்தால் பாஸ், கூடினால் ஃபெயில். வாசலில் நின்று கவரைப் பிரித்து, பார்த்த உடனே வீட்டுக்கு ஃபோன் போடுவார்கள்.

செல்வராஜ் அப்படி ஃபோன் போடுகிறவர் இல்லை. ஜீவனஹள்ளிக்காரர், ஐம்பதை நெருங்கியவர். பல வருடங்களாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். சில வருடங்களுக்கு முன், ஏப்ரலில், மூச்சிரைப்பும் கால் வீக்கமுமாக ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்திருந்தார். அவருடைய நம்பர் அப்போது ஐயாயிரத்துக்கு மேல். இதயத்தின் சதையே பலவீனமாகிவிட்டது என்றார் அவரைப் பார்த்த டாக்டரம்மா. மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "இந்த நம்பர் நல்லா இறங்கணும். நான் சொல்ற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, பின்னாடி குழந்தைங்க உக்காந்திருக்கு" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

ஒன்றரை மாதம் கழித்து, மே கடைசியில், அவருக்கு மறுபடியும் டெஸ்ட். ஜூனில் பள்ளி திறக்கிறது. வேனை எடுத்து நடத்தும் கான்ட்ராக்டர், நம்பர் இறங்கிய ரிப்போர்ட்டை மறுநாளுக்குள் காட்டாவிட்டால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். டாக்டர் லெட்டரெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ரிப்போர்ட் வரட்டும் என்றாராம். இது எனக்கு அன்று காலை பத்து மணிக்கே தெரியும். ரிப்போர்ட் எப்போது, ரிப்போர்ட் எப்போது என்று அவர் வீட்டிலிருந்து கவுண்டருக்கு ஃபோன் வந்துகொண்டே இருந்தது, அப்படிக் கேட்டவர் காரணத்தையும் சேர்த்தே சொல்லியிருந்தார்.

வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்து வந்தவன் நம் நாகராஜ். மெஷினில் உட்கார்ந்திருந்தவள் சந்தியா. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். நம்பர் வந்ததும் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"மேடம், செல்வராஜ் சார் நானூத்தி சொச்சம். ஐயாயிரத்துலேர்ந்து. மாத்திரை என்னமா வேலை செஞ்சிருக்கு பாருங்க."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்படி இறங்குவது உண்டு. நல்ல மருந்து, ஒழுங்காகச் சாப்பிடுகிற ஆள் என்றால் இறங்கும். ஆனால் டாக்டரம்மா அதே ரத்தத்தில் கிட்னியும் மூன்று மாதச் சர்க்கரையும் பார்க்கச் சொல்லியிருந்தார். அந்த ஆளுக்குப் பத்து வருடச் சர்க்கரை வியாதி. ஏப்ரலில் ஒன்பதுக்கு மேல் இருந்தது. இப்போது ஐந்தரைக்கும் கீழே. என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

ஹார்ட் நம்பர் இறங்கலாம். ஒன்றரை மாதத்தில் மூன்று மாதச் சர்க்கரை இந்த அளவுக்கு இறங்க வழியே இல்லை. பட்டினி கிடந்தாலும் இறங்காது. அது பல வாரங்களின் கணக்கு, அவசரப்படுத்த முடியாது. ரத்தம் ஏற்றியிருந்தால் அந்தக் கணக்கு மாறும், இடையில் ஏற்றினார்களா என்று பார்த்தேன், இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல ரிசல்ட். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று இன்னொன்றைக் காட்டிக் கொடுத்தது. அதனால்தான் சொல்கிறேன், ஒரு ரிப்போர்ட்டில் ஒரு வரியை மட்டும் பார்த்து யாரும் சந்தோஷப்படாதீர்கள்.

சந்தேகப்படுவது என்று வந்துவிட்டால் முதலில் நம்மைச் சந்தேகப்பட வேண்டும். நோயாளியைச் சந்தேகப்படுவது சுலபம், சுகமாகவும் இருக்கும். பார்கோடைச் சரிபார்த்தோம். மறுபடி ஓட்டினோம். நாகராஜ் அன்று காலை கொண்டுவந்த மற்ற டியூப்களில் ஏதாவது இடம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பழைய ரிசல்ட்டோடு ஒப்பிட்டோம். எல்லாம் அததன் இடத்தில் இருந்தது. தப்பு நம் மேஜையில் இல்லை.

நாகராஜைக் கூப்பிட்டேன். நல்ல பையன், கன்னடக்காரன், தமிழ் நம்மைவிட வேகமாகப் பேசுவான்.

"செல்வராஜ் வீட்டுல ரத்தம் எடுக்கக் கஷ்டமா இருந்துச்சா?"

"இல்லவே இல்ல மேடம். ஃபர்ஸ்ட் க்ளாஸ் வெயின். ஒரே குத்து."

போன தடவை சந்தியாவும் நானும் மாறி மாறித் தேடி, கடைசியில் புறங்கையில் எடுத்த ஆள் அவர். ஆஸ்பத்திரியில் குத்திக் குத்தி இரண்டு கையும் கன்றிப்போயிருந்தது.

"நீ பேர் கேட்டியா?"

"ஹௌது மேடம். 'செல்வராஜ் அண்ணனா?'ன்னு கேட்டேன். தலையாட்டுனாரு."

ஊசியோடு நிற்கிறவன் எதைக் கேட்டாலும் மனிதன் தலையாட்டுவான். 'நீங்கள் கவர்னரா?' என்று கேட்டாலும் ஆட்டுவான். 'உங்கள் பெயர் என்ன?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பெயரை அவர் சொல்ல வேண்டும், நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நாகராஜிடம் அன்று இதைச் சொன்னபோது அவன் முகம் விழுந்துவிட்டது. அவனைத் திட்ட எனக்கு நேரம் இல்லை. அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

"மேடம், அந்த ஜீவனஹள்ளி ரிப்போர்ட்டுக்கு ஃபோன் மேல ஃபோன். மெஷின் சரியா ஓடுதான்னு பாக்கற க்யூசி பாஸ் ஆயிடுச்சுல்ல? ரிலீஸ் பண்ணிடுங்க. நாம என்ன போலீஸா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கொடுத்த ரத்தத்தில் இருந்ததைச் சொல்வதுதான் நம் வேலை. ஆனால் ரிப்போர்ட்டின் தலையில் ஒருவர் பெயரைப் போடுகிறோமே, அதுவும் நாம் சொல்கிற விஷயம்தானே? அது பொய்யென்றால் கீழே உள்ள எல்லா நம்பரும் பொய். அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு அவர் வேனில் ஏறுவார், பின்னால் இருபது குழந்தைகள் ஏறும். நான் அழுத்தமாட்டேன் என்றேன். அவர் கையை விரித்துவிட்டு ஃபோனை எடுக்கப் போய்விட்டார்.

அடுத்து நான் செல்வராஜ் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். நம் தொழிலின் செல்லப் பொய் ஒன்று உண்டு, உங்களுக்கும் இந்நேரம் பழகியிருக்கும். 'சாம்பிள் கட்டியாயிடுச்சு, இன்னொரு தடவை கொடுங்க.' யாருக்கும் கோபம் வராது, யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அன்று அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்கம் ஒரு பொய் இருக்கிறது என்று சந்தேகித்துக்கொண்டே இந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு பொய்யை அனுப்புவதாவது.

எடுத்தது ஆண் குரல். "நான் அவர் தம்பி குமார் பேசறேன் மேடம். ரிப்போர்ட் ரெடியா?"

"இல்ல. ஒரு நம்பர்ல எனக்குச் சந்தேகம் இருக்கு. இன்னொரு தடவை எடுக்கணும். அண்ணனை இங்கேயே கூட்டிட்டு வாங்க. சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் கையில இருக்கும்."

"காலையிலதானே எடுத்தாங்க" என்றார்.

"எடுத்தாங்க" என்றேன்.

மதியம் மழையோடு வந்தார்கள். நம் லேப் முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. இதய நோயாளிகளுக்கு நாம் எடுக்கும் முதல் டெஸ்ட் அந்தப் படிதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வேன். செல்வராஜ் ஏப்ரலில் மூன்று இடத்தில் நின்று ஏறியவர். அன்று திருப்பத்தில் ஒரே ஒரு முறை சுவரில் கை வைத்து நின்றார். பின்னால் குடையைப் பிடித்து வந்த தம்பியும் அவருக்குத் துணையாக நின்றார். அப்படித்தான் நினைத்தேன்.

செல்வராஜை நாற்காலியில் உட்காரவைத்து, "காலையில எந்தக் கையில எடுத்தாங்க?" என்று கேட்டேன்.

இடது கையை நீட்டினார். முழங்கை மடிப்பில் ஊசித் தடமே இல்லை. வலது கையையும் பார்த்தேன், அங்கும் இல்லை. தலை நிமிர்ந்தேன். தம்பி வாசலில் நின்றிருந்தார். குடையை அண்ணனுக்கே பிடித்ததில் அவருடைய வெள்ளை முழுக்கைச் சட்டை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. முழங்கை மடிப்பில், துணிக்கு அடியில், நாம் ஒட்டும் நீல வட்டப் பிளாஸ்டர் தெரிந்தது.

செல்வராஜ் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த இடத்தில் அவரை நிற்கவைத்துக் கேட்டிருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். அவர் எழுந்து போயிருப்பார், ரத்தம் கிடைத்திருக்காது. புறங்கையில் தேடி எடுத்தேன்.

"இந்த டியூப்ல உங்க பேரை எழுதறேன் சார். சரிதானே?"

"எழுதுங்க" என்றார். பஞ்சை அழுத்திக்கொண்டே, "இறங்கியிருக்குமா மேடம்?" என்று கேட்டார்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

"ஒரு வேளைகூட விடல. உப்பை நிறுத்திட்டேன். காப்பி தண்ணிகூட அளந்துதான்."

"அப்புறம் எதுக்குப் பயப்படறீங்க?"

பயந்த மனிதனிடம் ஏன் பயந்தாய் என்று கேட்பது வீண் கேள்வி.

அவருடைய நம்பர் இரண்டாயிரத்து நூறு. பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மூன்று மாதச் சர்க்கரை எட்டரைக்கு மேல், இருக்க வேண்டிய இடத்தில். எனக்கு அப்படியொரு நிம்மதி. அந்த மனிதர் உண்மையாகவே தேறிக்கொண்டிருக்கிறார், அவருடைய சொந்த ரத்தமே அவருக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளும் முன்பே தம்பியின் கையைக் கடன் வாங்கிவிட்டார். டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்து இரண்டு ரிசல்ட்டையும் நடந்ததையும் சொன்னேன். "நானூறுன்னு வந்திருந்தா நான் நீர் இறக்கற மாத்திரையைக் குறைச்சிருப்பேன். ஒரு வாரத்துல மறுபடி வீங்கிட்டு வந்திருப்பாரு" என்றார். என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். ஒரு சிக்கல் வந்தது, பிடித்தோம், முடித்தோம் என்று.

சந்தியா காலை டியூப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"இதை என்ன பண்றது மேடம்?"

"ரிஜெக்ட் போட்டுடு. தவறான சாம்பிள்."

அவள் கணினி முன் உட்கார்ந்தாள். எழுந்து வந்தாள்.

"மேடம், அப்போ இந்த நானூறு யாரோடது?"

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். "அந்தத் தம்பியோடதுதான். வேற யாரோடது?"

"அவருக்கு என்ன வயசு இருக்கும்? முப்பத்தஞ்சுகூட இருக்காது மேடம். அவருக்கு ஏன் நானூறு?"

நண்பர்களே, நான் சொல்ல வந்தது இதைத்தான். ஐயாயிரத்துக்குப் பக்கத்தில் வைத்ததால்தான் நானூறு எங்கள் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிந்தது. எழுபது வயது ஆளுக்கு, கிட்னி தளர்ந்த ஆளுக்கு, அந்த நம்பரை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டோம். அந்த டியூப்பில் கிட்னி ரிசல்ட் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. சர்க்கரை இல்லை. இளம் வயது. அப்படிப்பட்ட உடம்பில் அந்த நம்பர் நூற்றைத் தொடுவதே அதிகம். காலையிலிருந்து அந்த டியூப்பை ஒரு பொய்யாகவே பார்த்துக்கொண்டிருந்தோம். பெயர்தான் பொய், உள்ளே இருந்த ரத்தம் யாரையும் ஏமாற்றவில்லை. முதல் வருடப் பெண் கேட்டாள், எனக்குத் தோன்றவில்லை. பொய்யைப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு அன்று ஏற்பட்ட சந்தோஷம் அவளுக்கு இல்லாததால் அவளுக்குத் தோன்றியிருக்கலாம்.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் உண்மையாகவே கலங்கிப்போனார்.

"அவர் நம்ம பேஷன்டே இல்லையே மேடம். டாக்டர் எழுதிக் கொடுக்கல, அவர் டெஸ்ட் கேக்கல. நாமளாப் போய் உனக்கு ஹார்ட் ப்ராப்ளம்னு சொல்லி, ஒண்ணும் இல்லன்னு ஆயிட்டா? பேடா மேடம், வேணாம். ரூல்படி ரிஜெக்ட். முடிஞ்சுது."

ரூல் அவர் பக்கம் இருந்தது. அந்த நம்பர் வேறு காரணத்தாலும் கூடியிருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். காய்ச்சல், தைராய்டு, அன்று காலை கடுமையாக உழைத்திருப்பது என்று எத்தனையோ இருக்கிறது. டெஸ்டே கேட்காத ஒருவரைக் கூப்பிட்டு, நீ செய்த பொய்யிலிருந்து உன் நோயைக் கண்டுபிடித்தேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லி, ஒன்றுமில்லை என்றானால் ஒரு குடும்பத்தைச் சும்மா கலங்கடித்தவள் ஆவேன். சொல்லாமல், ஏதாவது ஆகிவிட்டால் என்பதை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. இரண்டில் எது சின்னத் தப்பு என்றுதான் யோசித்தேன். கலங்கினவர்கள் தெளியலாம், மற்றதைத் திருத்த முடியாது. மறுபடி டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

அவர் முதலில் தம்பியின் வயதைக் கேட்டார். பிறகு, "ஒரே அப்பா அம்மாதானே?" என்றார்.

"ஆமா."

"செல்வராஜோட அப்பா சின்ன வயசுலயே தூக்கத்துல போயிட்டாராம். ஆஸ்பத்திரியில சொன்னாரு. சில வீட்டுல இது ரத்தத்தோடயே வரும். அவரை இன்னிக்கே அனுப்புங்க, நான் காத்திருக்கேன்."

வெளியே ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த குமாரை மட்டும் என் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். நாற்காலி இருந்தும் அவர் உட்காரவில்லை.

"உங்க சட்டைக் கையை மடிக்கச் சொல்லப்போறதில்ல குமார். எனக்குத் தெரியும்."

"தப்புதான் மேடம். அண்ணனை ஒண்ணும் பண்ணிடாதீங்க. வண்டி போயிடுச்சுன்னா அவர் படுத்துடுவாரு. கேஸ் ஏதாச்சும் போடணும்னா என் மேல போடுங்க."

"முதல்ல உக்காருங்க. அண்ணனுக்கு நல்லா இறங்கியிருக்கு. அவரோட சொந்த ரத்தத்துலயே."

அவர் பொத்தென்று உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நிஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டார். சிரித்தார். பிறகு, "அப்போ என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றார்.

"காலையில நீங்க கொடுத்த ரத்தத்துல ஒரு சந்தேகம். என்ன வேலை பண்றீங்க?"

"வீடுகளுக்குத் தண்ணி கேன் போடறேன்."

"மாடிக்கெல்லாம் தூக்கிட்டுப் போவீங்களா?"

"மூணாவது மாடி வரைக்கும் போவேன்."

"நிக்காமலா?"

"முன்னாடி நிக்காம ஏறுவேன்."

"இப்போ?"

"ரெண்டாவது மாடியில கேனை இறக்கி வெச்சிட்டு, ஃபோன் பாக்கற மாதிரி நிப்பேன். யாராச்சும் பாத்தா, இவனுக்கு முடியலன்னு நினைச்சுக்குவாங்கல்ல."

அன்று மதியம் படித் திருப்பத்தில் அவர் நின்றது எனக்கு அப்போதுதான் புரிந்தது. "ராத்திரி படுத்தா எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு தலகாணி வெச்சுக்கறேன். இல்லன்னா மூச்சு ஒரு மாதிரி... அண்ணனுக்கும் ஆரம்பத்துல..."

நானும் நிறுத்திவிட்டேன். எதிரில் இருப்பவர் தானாகவே ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டால், அங்கே நம் குரல் தேவைப்படாது.

"இது இன்ன வியாதின்னு நான் சொல்லல" என்றேன் கடைசியில். "அதை டாக்டர்தான் சொல்லணும். உங்க பேர்ல, உங்க ரத்தத்தைக் கொடுங்க. கொடுத்துட்டு நேரா அவங்களைப் போய்ப் பாருங்க."

"அண்ணனுக்குத் தெரிய வேணாம் மேடம். அவரே இப்பத்தான் எழுந்து நடக்கறாரு."

"சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். நான் சொல்லமாட்டேன்."

அவர் வெளியே போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடி வழியே பார்த்தேன். சொல்லக் கூடாது என்று போனவரால் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. செல்வராஜ் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்து, கட் செய்து, மறுபடி பையில் போட்டார். கான்ட்ராக்டர் என்று பின்னால் தெரிந்தது. எழுந்து என் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என் ரிப்போர்ட் கிடக்கட்டும் மேடம். இவனுக்கு எடுங்க. அந்த டாக்டரம்மா எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க?"

சந்தியாதான் எடுத்தாள். அதே நம்பர்தான் வந்தது, கொஞ்சம் கூடவே. இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேனில் குமாரின் இதயமும் அண்ணனுடையதைப் போலவே தளர்ந்திருந்தது, அவ்வளவு மோசமாக இல்லை. அவர் வயதில் அண்ணனைப் பார்த்திருந்தால் அண்ணனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. அன்றே மருந்து ஆரம்பித்தார். ஆனேக்கல்லில் கட்டிக் கொடுத்த அக்காவையும், செல்வராஜின் மகளையும் வரச்சொல்லிப் பார்த்தோம். இருவருக்கும் ஒன்றுமில்லை. சின்ன வயது என்பதால் மகளை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் ரிப்போர்ட்டைச் செல்வராஜ் கவுண்டரிலேயே நின்று மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

தம்பிக்காக அலைந்ததில் கான்ட்ராக்டரின் கெடு தாண்டி, வேன் போய்விட்டது. அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஜூனில் வேறு ஆள் அதை ஓட்டினான். செல்வராஜ் சில மாதம் சும்மா இருந்து, பிறகு ஒரு அபார்ட்மென்டில் வாசலில் உட்காரும் வேலைக்குப் போனார். குமார் கேன் தூக்குவதை விட்டுவிட்டு அதே கடையில் ஆர்டர் எழுதுகிறார். அவர் நம்பர் மெதுவாக இறங்கி, இப்போது பயமில்லாத இடத்தில் நிற்கிறது. நாகராஜ் அன்றிலிருந்து பெயரை எடுத்துக் கொடுத்ததே இல்லை. மேனேஜர் இன்றும் அது ரூலுக்கு விரோதம்தான் என்பார், சிரித்துக்கொண்டே.

நீங்களும் ரிஜெக்ட் போடுவீர்கள். போட வேண்டியதும் வரும். போடுவதற்கு முன்னால் சந்தியா கேட்டதை ஒரு முறை கேளுங்கள். தப்பான பெயரில் வந்த ரத்தத்துக்கும் உடம்பு ஒன்று இருக்கிறது. அது எங்கேயோ படியேறிக்கொண்டிருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு அண்ணனும் தம்பியும் வழக்கமான டெஸ்டுக்கு வந்தார்கள். குமார் ரத்தம் கொடுத்துவிட்டுக் கீழே டீ குடிக்கப் போயிருந்தார். செல்வராஜ் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். ரொம்ப நாளா மனசுல இருக்கு."

"கேளுங்க."

"அன்னிக்கு அவன் கையை நீட்டுனப்போ நான் உள் ரூம்லதான் இருந்தேன். வேணாம்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. கமுக்கமா உக்காந்திருந்தேன். சொல்லியிருந்தேன்னா நான் யோக்கியனா இருந்திருப்பேன். அவன் இன்னும் கேன் தூக்கிட்டிருப்பான். எந்த மாடியிலயாச்சும் விழுந்திருப்பான்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "கோயிலுக்குப் போனா சாமிகிட்ட நன்றி சொல்றதா, மன்னிப்பு கேக்கறதான்னே எனக்குத் தெரியல மேடம்" என்றார்.

இத்தனை வருடத்தில் நான் எத்தனையோ நம்பருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். இது நம்பர் இல்லை.

"ரெண்டையும் சொல்லிடுங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு என் எதிரிலேயே உட்கார்ந்தார். உள்ளே குமாரின் ரத்தம் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதற்காகக் காத்திருந்தோம்.